அனுசுயா கல்யாணம், முதல் கேசட்

கல்யாண வீடியோவை முழுசாக உட்கார்ந்து பார்த்தவர்கள் உலகத்தில் யாரும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஆட்கள் வருகிற இடத்தை மட்டும் பார்ப்பார்கள். பெண் வீட்டார் பந்தியில் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று பார்ப்பார்கள். அத்தோடு சரி, டிவிடி பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆஸ்டினுக்கு இதில் ஒரு வருத்தமும் கிடையாது. பார்க்கிறார்களோ இல்லையோ, எடுக்கக் கூப்பிடுகிறார்கள், வண்டி ஓடுகிறது. அதனால் அன்றைக்குக் காலையில் ஒருவர் திருச்சி பாலக்கரையில் இருந்த அவனுடைய வீடியோ கடையின் படியேறி வந்து, "எம்பொண்ணு கல்யாணத்துல எடுத்த கேசட்டு வேணும் தம்பி" என்று கேட்டபோது அவன் சிரித்துக்கொண்டேதான் நிமிர்ந்தான்.

"டிவிடி கீறிப்போச்சுங்களா?"

"டிவிடி இருக்கு. அது வேணாம். பாட்டு போடாத கேசட்டு வேணும்."

அப்புறம்தான் ஆளை அடையாளம் தெரிந்தது. திருவெள்ளறை அடைக்கலம். கொஞ்சம் நிலம் உண்டு, அது போக மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் ஒன்றில் நெல் அவிக்கிற இடத்தில் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம், மண்ணச்சநல்லூர் மண்டபத்தில் வைத்து மகள் அனுசுயாவை ஸ்ரீரங்கத்து மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தார். ஆஸ்டின் நாற்காலியை இழுத்துப் போட்டு, "பொண்ணு நல்லா இருக்காங்களா?" என்று கேட்டுவைத்தான். எல்லா வாடிக்கைக்காரர்களிடமும் கேட்கிற கேள்விதான்.

"போயிருச்சு தம்பி," என்றார் அடைக்கலம். "காரியம் முடிஞ்சு ஒரு மாசமாவுது."

உள்ளறையில் எடிட்டிங் செய்துகொண்டிருந்த பிரான்சியின் கை நின்றது. ஆஸ்டினின் மனைவி அவள். கேமரா அவன் வேலை, கம்ப்யூட்டர் அவள் வேலை. எழுந்து வந்து வாசல் ஓரமாக நின்றாள்.

அடைக்கலம் அழவில்லை. எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரலில், நடந்ததை வரிசையாகச் சொன்னார். ஸ்ரீரங்கத்துப் புகுந்த வீட்டில்தான் பெண் செத்துக் கிடந்தது. அவளுக்குக் கோபம் அதிகம், அவளாகவே அந்த முடிவைத் தேடிக்கொண்டாள் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரே வாயாகச் சொல்கிறார்கள். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு, அது நடந்துகொண்டிருக்கிறது. அங்கே மாப்பிள்ளையின் அம்மா பானுமதி நடுக்கூடத்தில் நின்று, பெருமாள் மேல் ஆணையாக ஒரு குந்துமணித் தங்கம்கூடத் தாங்கள் கேட்டதில்லை என்று சொல்லியிருக்கிறாள். கேட்டார்கள் என்பதற்கு அடைக்கலத்திடம் அவருடைய வாயும் அவர் மனைவி மாரியாயியின் வாயும்தான் இருக்கின்றன. பெற்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அதை ஒதுக்கி வைக்கிறார்கள்.

"அன்னிக்கு முகூர்த்தத்துக்கு முன்னாடி, பொண்ணு ரூம்ல அந்தம்மா எங்ககிட்டப் பேசுனப்ப நீங்க அங்கதான் நின்னீங்க தம்பி. காதுல பெருசா ஒண்ணு மாட்டியிருந்தீங்க. நான் பார்த்தேன். அது கேசட்டுல இருந்தாப் போதும், வேற ஒண்ணும் வேணாம்னு எங்க வக்கீலம்மா சொல்றாங்க."

 ஆஸ்டினுக்கு அது நினைவிருந்தது. நூற்றுக்கணக்கான கல்யாணங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கிற தலைக்குள், அந்த ஒரு வாக்கியம் மட்டும் தனியாகக் கிடந்தது.

பெண்ணுக்கு ஜடை அலங்காரம் முடிந்து, கண்ணாடி முன்னால் உட்கார்த்தி அவன் படமெடுத்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்குள் பெண்ணின் முகம், அதற்குப் பின்னால் பானுமதி, எதிரில் அடைக்கலமும் மாரியாயியும். பேசின நகையில் மீதி எங்கே என்று பானுமதி தணிந்த குரலில் கேட்டாள். ஆடிக்குள் போட்டுவிடுவதாக அடைக்கலம் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குப் பானுமதி சிரித்த முகம் மாறாமல், "ஆடி தாண்டக் கூடாது. பொண்ணு எங்க வீட்டுலதான் இருக்கும். நெனப்பு இருக்கட்டும்" என்றாள். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கே அது கேட்டிருக்காது. ஹெட்போன் மாட்டியிருந்த ஆஸ்டினுக்கு, காதுக்குள் வந்து சொன்னது போலக் கேட்டது. கேமரா பார்க்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அது கேட்கவும் செய்யும் என்பது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. கடைசியில் எப்படியும் பாட்டைத்தானே போடப்போகிறார்கள்!

"இருக்குல்ல தம்பி?" என்றார் அடைக்கலம்.

ஆஸ்டின் பிரான்சியைப் பார்த்தான். அவளே சொன்னாள். "அது கேசட்டுல எடுத்தது இல்லைங்க. ஹார்ட் டிஸ்க்ல எடுத்தது."

"எதுலயோ. அதக் குடுங்க."

அவருக்கு எப்படி விளக்குவது? கேசட்டில் எடுத்த காலத்தில், நிரம்பின கேசட்டைக் கேமராவிலிருந்து எடுத்ததும் அதன் முதுகில் இருக்கிற சின்னப் பொத்தானைப் பெருவிரலால் ஒரு தள்ளுத் தள்ள வேண்டும். தள்ளிவிட்டால் அதன்மேல் வேறு எதுவும் பதியாது. பிறகு பெண் பேரும் ஊர்ப் பேரும் எழுதி ஒட்டி அலமாரியில் நிறுத்த வேண்டும். இந்த இரண்டையும் செய்யாமல் ஆஸ்டின் மண்டபத்துச் சாப்பாட்டில் கை வைத்ததில்லை. ஆனால் அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டருக்குள் இறக்குவதென்றால், எவ்வளவு நேரம் எடுத்தோமோ அவ்வளவு நேரமும் ஓடவிட்டாக வேண்டும். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தம் அடுக்கி வருகிற மாதங்களில் பிரான்சி அந்த அறையிலேயே சாப்பிட்டு அந்த அறையிலேயே தூங்கினாள். கழுத்து வலிக்கு டாக்டரிடம் போய் வந்தாள். அதனால் கேமராவோடு சேர்த்து மாட்டுகிற டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி ஒன்று வந்திருக்கிறது, முழுக் கல்யாணமும் அதற்குள் அடங்கும், டீ குடித்துவிட்டு வருவதற்குள் கம்ப்யூட்டருக்கு மாறிவிடும் என்று கேள்விப்பட்டபோது வாங்கியே தீர வேண்டும் என்று அவள்தான் நின்றாள். தப்பில்லை. அவள் கழுத்து, அவள் கண்.

பெட்டி வந்தது. பெட்டி ஒன்றுதான். ஒரு கல்யாணத்தை டிவிடி போட்டுக் கொடுத்ததும் பெட்டியையும் கம்ப்யூட்டரையும் துடைத்துச் சுத்தம் செய்தால்தான் அடுத்த கல்யாணத்துக்கு இடம். திருச்சியில் அப்போது எல்லா வீடியோக்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள். அலமாரி என்று ஒன்று இனிமேல் இல்லை என்பதை வாடிக்கைக்காரர்களிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிரான்சி இதையெல்லாம் தன்னால் முடிந்த மட்டும் எளிமையாகச் சொன்னாள். அடைக்கலம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அழிச்சிட்டீங்களா?" என்றார்.

"அழிச்சதுன்னு இல்லைங்க... அடுத்த ஃபங்ஷனுக்கு இடம் வேணுமே."

"யாரு அழிக்கச் சொன்னா?"

"ஐயோ, யாரும் சொல்லலைங்க. அதுதான் எங்க வழக்கம்."

"அடுத்தது யாரு ஃபங்ஷன்?"

பிரான்சி ஆஸ்டினைப் பார்த்தாள். பொய் சொல்லியிருந்தால் அந்த நிமிஷம் தப்பித்திருக்கலாம். ஆஸ்டினுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "உங்க சம்பந்தி வீட்டுல மாடி எடுத்துக் கட்டுனாங்கல்ல, சித்திரையில. கல்யாணத்துல என் வேலையைப் பார்த்துட்டு அந்தம்மாதான் அந்தப் புதுமனை விசேஷத்துக்கும் கூப்பிட்டாங்க. அதுவரைக்கும் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு, அதுக்காகத்தான் துடைச்சோம்."

அடைக்கலம் அவன் முகத்தையே பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். தெரிந்துகொண்டேன் என்கிற பார்வை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. கொண்டுவந்த டிவிடியை மேஜையிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு பிரான்சி அந்த டிவிடியைப் போட்டாள். வேண்டாம் என்று ஆஸ்டின் சொல்லிப் பார்த்தான், அவள் கேட்கவில்லை. ரோஜா இதழ்கள் கொட்டுகிற எழுத்துகள், பிள்ளையார், மண்டப வாசல், வாழைமரம். அப்புறம் அந்த இடம் வந்தது. கண்ணாடிக்குள் அனுசுயாவின் முகம், ஸ்லோ மோஷனில். அவள் மெல்ல இமை தாழ்த்துகிறாள், மெல்ல நிமிர்கிறாள். பின்னால் கொஞ்சம் மங்கலாகப் பானுமதியின் உதடுகள் அசைகின்றன. அதற்கும் பின்னால் அடைக்கலத்தின் கூப்பிய கைகள் அரைகுறையாகத் தெரிகின்றன. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு காதல் பாட்டின் பல்லவி, ஊரெல்லாம் அப்போது முணுமுணுத்த பாட்டு.

"நான்தான் வெட்டினேன் இத," என்றாள் பிரான்சி. "பொண்ணு முகம் எவ்வளவு அழகா விழுந்திருக்குன்னு நெனச்சேன். வெக்கப்படுறான்னு நெனச்சேங்க."

"நீ என்ன பண்ணுவ? சத்தத்தை முதல்லயே எடுத்துட்டுத்தானே பாட்டை ஒட்டுற."

"அதான். ஒரு தடவைகூடக் கேக்கல நான்."

அவள் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. எதிரே மாதா படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த சிவப்பு பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்டினுக்கு அவள் மேலும் கோபம் வந்தது, தன் மேலும் வந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த டிபன் பாக்ஸ் பெட்டி மேல் வந்தது. கேட்டது நான், எனக்குத் தெரியும், போய்ச் சொல்லிவிட்டால் போயிற்று என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

அடைக்கலத்தின் வக்கீல் லூர்துராணிக்கு மேலப்புதூரில் ஆபீஸ். ஆஸ்டின் சொன்னதை எல்லாம் அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"நான் அந்தத் தரப்பு வக்கீல்னு வச்சுக்கங்க ஆஸ்டின். கேக்கட்டுமா?"

"கேளுங்க மேடம்."

"நீங்க காதால கேட்டீங்க. பதிவும் பண்ணீங்க. பதிவு எங்க?"

"இப்ப இல்ல."

"எங்க போச்சு?"

"நாங்கதான் துடைச்சோம்."

"எதுக்காக?"

"பானுமதி அம்மா வீட்டு விசேஷத்துக்காக."

"அதுக்குக் கூலி யார் குடுத்தா?"

ஆஸ்டின் தலையைக் குனிந்துகொண்டான்.

"மேல கேக்கவே வேணாம் பாருங்க," என்றாள் லூர்துராணி. "ஒரு பொண்ணுக்கு மெரட்டல் விடுறதக் காதால கேட்டவர், மூணு மாசத்துலயே மெரட்டினவங்க வீட்டுக்குப் போய் பால் காய்ச்சுறதப் படம் எடுத்திருக்கார். மூணு வருசம் கழிச்சு, பொண்ணு செத்த பிறகு வந்து, ஆமா கேட்டேங்கிறார். நீங்க சொல்றது உண்மைதான்னு எனக்குத் தெரியுது. ஆனா உங்கள மட்டும் கொண்டுபோய் நிறுத்தினா அது அவங்களுக்கு நான் விருந்து வச்ச மாதிரி ஆயிரும்."

"அப்ப நான் சொன்னதுக்கு ஒரு மதிப்பும் கிடையாதா?"

"கூட ஏதாவது இருந்தா உண்டு. ஒரு துண்டு, ஒரு குரல், ஏதாவது. தேடிப் பாருங்க." வாசல் வரைக்கும் வந்தவள், தயங்கித்தான் அடுத்ததைச் சொன்னாள். "அடைக்கலம் காலையில ஃபோன் பண்ணினார். வீடியோக்காரன் வெல போயிட்டான்மான்னு சொன்னார். நான் மறுத்துச் சொன்னேன். அவர் நம்பல."

நெருப்பை வாரிக் கொட்டியது போல இருந்தது ஆஸ்டினுக்கு. கல்யாண வீடியோக்காரனைப் பற்றி ஊர் என்னென்னவோ சொல்லும். பந்தியில் முதலில் உட்காருவான், ஐயரை நகரச் சொல்வான், தாலி கட்டுகிற நேரத்தில் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான் என்று. அதெல்லாம் அவனும் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டதுதான். இது அப்படிப்பட்டதில்லை. செத்துப்போன பெண்ணின் தகப்பன், தன் மகளின் உயிருக்கு இவன் விலை வாங்கிக்கொண்டான் என்று நினைத்துக்கொண்டு திருவெள்ளறையில் உட்கார்ந்திருக்கிறார்.

ஜங்ஷன் பக்கம் வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போதுதான், ஒரு துண்டு, ஒரு குரல் என்று லூர்துராணி சொன்னது திரும்பத் திரும்ப ஓடி, சட்டென்று ஒரு இடத்தில் நின்றது. பெட்டி வந்த புதிதில் அவன் அதை நம்பவில்லை! பாதிக் கல்யாணத்தில் அது நின்றுவிட்டால் யார் பதில் சொல்வது என்று பயந்து, கேமராவுக்குள் கேசட்டையும் போட்டு ஓடவிட்டான். பெட்டியிலும் பதியும், கேசட்டிலும் பதியும். கொஞ்ச நாளில் பெட்டி மேல் நம்பிக்கை வந்துவிட்டது, கேசட் நின்றுபோனது, கேசட் போட்ட ஞாபகமும் அதோடு போய்விட்டது. அனுசுயா கல்யாணம் அந்தப் பயந்த நாட்களில் நடந்தது.

வண்டியை எப்படி நிறுத்தினான், படியை எப்படி ஏறினான் என்று தெரியாது. அலமாரியின் கீழ்த் தட்டில் பழைய வயர்களை எல்லாம் இழுத்துப் போட்டுத் தேடினான். பிரான்சியும் கூட உட்கார்ந்தாள். அவள் கையில்தான் அது அகப்பட்டது. எடுத்துப் பார்த்துவிட்டு அவள் அதை அவனிடம் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

நீட்டினாள். 'அனுசுயா, மண்ணச்சநல்லூர், 1' என்று அவன் கையெழுத்து. அதன் மேல் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, அதே கையெழுத்தில், 'புதுமனை, ஸ்ரீரங்கம்'.

பெட்டிதான் இருக்கிறதே, கேசட் வெறும் துணைக்குத்தானே, அதற்கு எதற்கு ஒவ்வொரு தடவையும் புதுசு என்று பழைய கேசட்டையே சுற்றிவிட்டு மறுபடி போட்டவனும் அவன்தான். துணைக்குத்தானே என்று பெருவிரல் அந்தப் பொத்தானைத் தள்ளுவதையும் விட்டுவிட்டது. இத்தனை வருஷம் தூக்கத்தில்கூடச் செய்த காரியம். ஆஸ்டின் தலையில் அடித்துக்கொண்டான்.

"இருங்க," என்றாள் பிரான்சி. "புதுமனை விசேஷம் முழுக் கேசட்டும் ஓடியிருக்காது. கல்யாணத்துல பொண்ணு ரூம் முதல் கேசட்டோட கடைசிலதானே வரும்? வால் மிச்சம் இருக்கலாம்."

ஆஸ்டின் ஃபோனை எடுத்தான்.

"யாருக்கு? அவங்களுக்கா? வேணாங்க. முதல்ல நாம பார்த்துடுவோம். ஒண்ணும் இல்லாமப் போச்சுன்னா அந்த மனுசங்க தாங்க மாட்டாங்க."

"நாம தனியாப் பார்த்தா, அதுலயும் கைவச்சுட்டோம்னு ஆயிரும் பிரான்சி. அவங்க வந்து உக்காரட்டும். அப்புறம் போடுவோம்."

மறுநாள் காலை அடைக்கலமும் மாரியாயியும் வந்தார்கள். மாரியாயி சின்ன உருவம், எலும்பும் தோலுமாக இருந்தாள். மகளின் பாஸ்போர்ட் அளவுப் போட்டோ ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையிலேயே வைத்திருந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து டிவியை நிமிர்ந்து பார்த்தாள். அடைக்கலம் உட்காரவே இல்லை.

பழைய கேமராவுக்குள் கேசட்டைப் படிக்கிற ஹெட்டைத் துடைத்து, டிவிக்கு வயரை மாட்டிவிட்டு, உள்ளே போடுவதற்காகக் கேசட்டை எடுத்தபோது, ஆஸ்டினின் பெருவிரல் தானாகவே அந்தப் பொத்தானைத் தள்ளியது. பிரான்சி அதைப் பார்த்தாள். 

"இதுல வேற விசேஷம் பதிஞ்சிருக்குங்க. அது முடிஞ்ச பிறகு நம்ம கல்யாணத்தோட மிச்சம் கொஞ்சம் இருக்கலாம். நான் சத்தியமா இன்னும் பார்க்கல," என்றான்.

 ஆஸ்டின் கேசட்டை வேகமாக ஓட்டினான். ஸ்ரீரங்கத்து வீட்டின் புதுமாடி, கோலம், ஹோமப் புகை, பட்டுப்புடவைகள், எல்லாம் சத்தமில்லாமல் குதித்துக் குதித்து ஓடின. பானுமதி மாலையும் கழுத்துமாகப் பத்து தடவை வந்து போனாள். பிறகு பந்தி, இலை, பாயசம். திடீரென்று படம் கிழிந்து, கறுப்பாகி, ஒரு கண்ணாடி வந்தது.

"பாப்பா!" என்றாள் மாரியாயி.

ஆஸ்டின் நிறுத்தி, சாதாரண வேகத்தில் விட்டான். கண்ணாடிக்குள் ஜடை அலங்காரத்தோடு அனுசுயா. சத்தம் இருந்தது. நாதஸ்வரம் தூரத்தில் கேட்டது. ஆனால் பானுமதி கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள், முதுகு மட்டும் தெரிந்தது. அவள் பின்னாலேயே அடைக்கலமும் மாரியாயியும் வெளியே போனார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டாள். புதுமனை விசேஷம் இன்னும் கொஞ்சம் முன்னால் முடிந்திருந்தால், யாராவது ஒருவர் பாயசம் வேண்டாம் என்று எழுந்திருந்தால்கூட, அது இருந்திருக்கும்.

டிவிக்குள் அனுசுயா கண்ணாடியிலிருந்து திரும்பி நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

"அண்ணே, எங்க அத்தை இப்பச் சொன்னது அதுல விழுந்துச்சா?"

படத்துக்கு வெளியே ஆஸ்டினின் குரல், மூன்று வருஷம் இளமையான குரல், சொன்னது. "எல்லாம் விழும்மா."

"அழிச்சுற மாட்டீங்களே?"

"அழிக்கிறதா? உங்க பேரு எழுதி எங்க கடை அலமாரியில இருக்கும். எத்தனை வருசம் கழிச்சு வேணாலும் வந்து கேளுங்க. இப்பக் கொஞ்சம் சிரிங்க பாப்போம்."

அனுசுயா சிரித்தாள். சொன்னதற்காகச் சிரித்த சிரிப்புதான், ஆனாலும் அழகாக இருந்தது. அத்தோடு கேசட் முடிந்து டிவி நீலமாகிவிட்டது.

 வெளியே பாலக்கரை பஸ்களின் ஹாரன் ஓயாமல் கேட்டது. கடைசியில் மாரியாயிதான் கேட்டாள்.

"அவ வந்து கேட்டாளா தம்பி?"

"இல்லம்மா," என்றான் ஆஸ்டின். உண்மை என்று நம்பித்தான் சொன்னான். "வரவே இல்ல. அன்னிக்கு அப்புறம் நான் அவங்களப் பார்த்ததே இல்ல."

பிரான்சி கேசட்டைப் பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தாள். வாலில் இருப்பதை ஒரு நகல் எடுத்துவிடலாம் என்று நினைத்தவள், கவனம் தப்பி வெகுதூரம் ஓட்டிவிட்டாள். பந்தி பின்னால் ஓடியது, காலி இலைகள் நிரம்பிப் பிறகு வெறுமையாயின, புகை ஹோமகுண்டத்துக்குள் இறங்கியது. மாரியாயி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"நிறுத்துங்க. அது எம்பொண்ணு."

நிறுத்தினாள். புதுமாடியின் சமையலறை. அடுப்பில் புதுப் பாத்திரத்தில் பால். சுற்றிலும் பெண்கள் குலவை போடக் காத்து நிற்கிறார்கள். பாத்திரத்துக்கும் கேமராவுக்கும் நடுவில், கையில் தட்டோடு அனுசுயா வந்து நின்றிருந்தாள். கல்யாணத்தன்றைக்குக் கழுத்தில் கிடந்த நகை எதுவும் இப்போது இல்லை, மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. பிரான்சி அதை ஓடவிட்டாள்.

அனுசுயா மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள். மைக்கில் அது நன்றாகவே விழுந்திருந்தது.

"அண்ணே, கல்யாணத்தன்னிக்கு எடுத்தது இருக்குல்ல? நான் வந்து வாங்கிக்கலாமா?"

"இருக்கும்மா, எங்க போகப்போகுது," என்றது ஆஸ்டினின் குரல், அவசர அவசரமாக. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பால் பொங்குறது மறையுது."

அனுசுயா தள்ளி நின்றாள். படத்தை விட்டே போய்விட்டாள். பால் பொங்கி வழிந்தது, பெண்கள் குலவை போட்டார்கள், பானுமதி கைதட்டிச் சிரித்தாள். எது இருக்கிறதென்று அவன் சொன்னானோ அதன் மேலேயேதான் அந்த நிமிஷம் அந்தப் பாலும் குலவையும் பதிந்துகொண்டிருந்தன.

ஆஸ்டினுக்கு இது எதுவும் நினைவில் இல்லை. பொங்குகிற பாலை விட்டுவிடக் கூடாது என்கிற கவலை மட்டும் அன்றைக்கு இருந்திருக்கும். வேலையில் இருக்கும்போது அவனுக்கு முகங்கள் தெரியாது, எது எதை மறைக்கிறது என்பதுதான் தெரியும். அவன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். அடைக்கலத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அடைக்கலம் மெதுவாக வந்து, முந்தின நாள் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க வெல போகலன்னு இப்பத் தெரியுது தம்பி," என்றார். "போயிருந்தீங்கன்னா நல்லா இருந்திருக்கும். மண்ணை வாரித் தூத்திட்டுப் போயிருப்பேன்."

 மன்னிப்புக் கேட்பதற்குக்கூட ஆஸ்டினுக்கு வாய் கூசியது. "நான் விசாரணைக்கு வரேங்க," என்றான். "இந்தக் கேசட்டையும் எடுத்துட்டு வரேன். அந்தம்மா சொன்னத நான் சொல்றேன். ஏதோ ஒண்ணு சொன்னாங்க, அதுக்குப் பொண்ணு பயந்துச்சுங்கிறத இது சொல்லும். அவங்க வக்கீல் என்ன வேணாலும் கேக்கட்டும்."

"எல்லாத்தையும் போட்டுக் காட்டுவீங்களா?"

"காட்டுறேங்க."

"தள்ளி நில்லுங்கன்னு நீங்க சொன்னதையும்?"

பிரான்சி வாயைப் புடவை முனையால் பொத்திக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். ஆஸ்டினுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பேரைச் சொல்லித் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"அதையும்தாங்க," என்றான்.

மாரியாயி இந்தப் பேச்சு எதையும் கவனிக்கவில்லை. அவள் டிவிக்கு வெகு கிட்டத்தில் நின்றுகொண்டிருந்தாள். அதில் இப்போது யாரோ யாருக்கோ பால் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தடவ போடுங்க தம்பி," என்றாள். "அவ தள்ளிப் போறதுக்கு முன்னாடி வரைக்கும் போடுங்க. போதும்."

ஆஸ்டின் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசட்டைப் பின்னால் ஓட்டினான்.